ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா, ஆர்சிங்கா? ஸ்கேன் செய்த நூல்களை ஊர் விட்டு ஊர் அனுப்பும் வழிகள்

காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் மாடி அறையில் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்துவரும் சிறு குழுவொன்றில் கணினி வேலைகளை நான் கவனித்துக்கொள்கிறேன். ஸ்கேன் அங்கே நடக்கிறது. பக்கங்களைச் சரிபார்ப்பதும், அட்டவணைப்படுத்துவதும், பிடிஎஃப் ஆக்குவதும் சென்னையில் நடக்கின்றன. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 டிபிஐ அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் அது 26 எம்பி வருகிறது. 300 பக்க நூல் 7.8 ஜிபி. நாளொன்றுக்கு 600 பக்கங்கள் எடுத்தால் 15.6 ஜிபி, மாதம் 25 வேலைநாள் என்று கொண்டால் 390 ஜிபி. இவ்வளவையும் 400 கிலோமீட்டர் தாண்டி எப்படி அனுப்புவது என்ற கேள்விக்கு நாங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளைத் தேர்ந்திருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் நூலகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவது, கிளவுட் சேமிப்பு, கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்புகளை அனுப்பும் ஆர்சிங்க் என்ற கருவி ஆகிய அந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லவேண்டியது, விடையை மாற்றியது ஒரே ஓர் எண் என்பது: ஸ்கேன் நடக்கும் இடத்தின் பதிவேற்ற வேகம். நம் பேச்சில் 'நெட் ஸ்பீடு' என்றால் பதிவிறக்க வேகம்தான். ஆனால் அனுப்புகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

1998ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் சேர்க்கத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியான டயல்-அப் இணைப்பே அதற்குப் போதுமானதாக இருந்தது. எழுத்துகளாக உள்ள ஒரு நூல் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். பக்கத்தைப் படமாக வைத்திருக்கவேண்டும் என்ற தேவை வந்தவுடன் கணக்கு தலைகீழாயிற்று. 2004ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 256 கிலோபிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2013இல் அது 512 கேபிபிஎஸ் ஆகவும், 2023இல் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் பதிவிறக்கத்துக்கான அளவுகள். தொலைபேசிக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு வந்த ஏடிஎஸ்எல் இணைப்பின் பெயரில் உள்ள முதலெழுத்தே சமச்சீரின்மையைக் குறிப்பது. இறங்குவதற்கு அகலமான வழி, ஏறுவதற்கு ஒடுக்கமான வழி. ஏறும் வழி 512 கேபிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், எங்கள் ஒரு நாள் வேலையான 15.6 ஜிபியை அனுப்ப ஏறத்தாழ இரண்டே முக்கால் நாள் ஆகும். ஒரு நாள் பக்கங்கள் போய்ச் சேர்வதற்குள் அடுத்த இரண்டு நாள்களின் பக்கங்கள் வரிசையில் வந்து நின்றுவிடும். வரிசை ஒருபோதும் தீராது. இப்போது அந்த வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் 100 எம்பிபிஎஸ். நடைமுறையில் 80 கிடைத்தாலும் அதே 15.6 ஜிபி 26 நிமிடத்தில் சென்னையில் இருக்கிறது.

ஏடிஎஸ்எல் காலத்தில் எங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வழியைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. 1 டிபி நிறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க் இரண்டு நாளில் போய்ச் சேர்கிறது என்றும், இரு முனைகளிலும் நகலெடுக்க நொடிக்கு 100 எம்பி வேகத்தில் தலா இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது என்றும் கொண்டால், அந்தப் பொட்டலத்தின் வேகம் ஏறத்தாழ 41 எம்பிபிஎஸ் என்று வரும். 2017இல் கருந்துளையைப் படமெடுக்க உலகின் பல தொலைநோக்கிகள் சேர்ந்து திரட்டிய தரவுகளும் ஹார்ட் டிஸ்க்குகளில், விமானத்தில்தான் வந்தன. தென்துருவத்தில் எடுத்தவை அங்கே பனிக்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. எனவே உங்கள் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இருந்து, அனுப்பவேண்டியது சில நூறு ஜிபிக்கு மேல் இருந்தால், கூரியரே இன்றும் நல்ல முடிவு.

ஆனால் கூரியரின் குறை வேகத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. டிஸ்க் நிறையட்டும் என்று மாதம் முழுதும் காத்திருந்து அனுப்பும்போது, முதல் நாள் எடுத்த பக்கத்தைச் சென்னையில் உள்ளவர் பார்ப்பதற்கு நான்கு வாரம் ஆகிவிடுகிறது. ஒருமுறை ஸ்கேனர் கண்ணாடியின் அடியில் ஒட்டிய ஒரு துகள், பக்கத்தின் வலது ஓரத்தில் தலைமுடி போன்ற மெல்லிய கோடாக விழுந்திருந்தது. சிறு திரையில் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. சென்னையில் பெரிய திரையில் திறந்த அன்றுதான் கண்டுபிடித்தோம். அதற்குள் மூன்று வாரப் பக்கங்கள் அந்தக் கோட்டோடு எடுக்கப்பட்டிருந்தன. தொட்டால் உதிரும் தாள்களை மறுபடியும் விரித்துக் கண்ணாடியில் வைக்கவேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் அந்த நூலின் ஆயுளில் கொஞ்சம் போகிறது. பக்கம் எடுத்த மறுநாள் காலையில் இன்னொருவர் கண்ணில் பட்டாகவேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் முதல் நிபந்தனையானது.

அந்த நிபந்தனையோடு கிளவுட் சேமிப்புக்குப் போனோம். கணினியில் ஒரு கோப்புறை. அதில் எதைப் போட்டாலும் தானாக ஏறி, மறுமுனையில் தானாக இறங்கும். இதில் உண்மையான நன்மைகள் உண்டு. கட்டளை எதுவும் தெரியாதவரும் பயன்படுத்தலாம், கைபேசியில் திறக்கலாம், பிழை திருத்தும் ஆர்வலர்கள் பத்துப் பேருக்கு ஒரு சுட்டியை அனுப்பினால் போதும். சரிபார்த்து முடித்த பிடிஎஃப்களை நாங்கள் இன்றும் அப்படித்தான் பகிர்கிறோம்.

மூலக் கோப்புகளுக்கு அது பொருந்தவில்லை. முதலாவது, ஒவ்வொரு கோப்பும் இருமுறை பயணம் செய்கிறது: இங்கிருந்து அவர்கள் சேவையகத்துக்கு, அங்கிருந்து சென்னைக்கு. மாதம் 390 ஜிபி என்றால் ஆறாவது மாதத்தில் 2 டிபி திட்டமும் நிறைந்துவிடும். பிறகு மாதாமாதம் வாடகை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, ஒத்திசைவு என்பது இருபுறமும் ஒன்றுபோல் வைத்திருப்பது. ஸ்கேனரோடு இணைந்த மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று ஒரு தம்பி பழைய கோப்புறைகளை அழித்தார். அந்த அழிப்பும் ஒத்திசைந்து சென்னை வரை வந்தது. குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுவிட்டோம், ஆனால் கெடு நாளுக்குள் கவனித்ததால்தான் அது முடிந்தது. அவர்மேல் தவறில்லை, நாங்கள் தேர்ந்த கருவி அப்படித்தான் நடந்துகொள்ளும். மூன்றாவது, உலாவி வழியாக ஒரு பெரிய கோப்புறையை இறக்கும்போது அது பல ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வந்தது. எந்தப் பக்கம் எதில் இருக்கிறது என்று தேடுவதற்கே அரை நாள் போயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் ஆர்சிங்க்கிடம் திரும்பினேன். 1996 ஜூனில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் வெளியிட்ட கருவி அது. டிரிட்ஜெல் பின்னர் 1999இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அதன் வழிமுறையை விரிவாக எழுதினார். குறைந்த வேகமும் மிகுந்த தாமதமும் உள்ள இணைப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி அழகானது: ஒரு கோப்பின் பழைய பதிப்பு ஓர் ஊரிலும் புதிய பதிப்பு இன்னோர் ஊரிலும் இருக்கும்போது, இரண்டையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிடாமலே வேறுபாட்டை மட்டும் கண்டுபிடித்து அனுப்புவது எப்படி? பெறுகிற கணினி தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்புகிறது. ஒன்று விரைவாகக் கணக்கிடக்கூடியது, மற்றது ஏமாறாதது. அனுப்புகிற கணினி தன் கோப்பின்மேல் ஒரு சாளரத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகிறது. ஒரு பைட் நகரும்போது விரைவு எண்ணை முதலிலிருந்து கணக்கிடவேண்டியதில்லை. வெளியேறியதைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் போதும். பொருந்தும் இடங்களில் 'இது உன்னிடமே இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது. பொருந்தாதவற்றையே கம்பி வழியே அனுப்புகிறது. கிளவுட் கோப்புறைகளைப் பரவலாக்கிய டிராப்பாக்ஸும் தன் தொடக்க காலத்தில் இதே வழிமுறையைத் தரும் நிரலகத்தைத்தான் பயன்படுத்தியது என்பதைச் சொல்லவேண்டும்.

வேகம் குறைந்த காலத்துக்காகச் செய்த கருவி, வேகம் வந்த பிறகு ஏன் பயன்படுகிறது? எங்கள் அனுபவத்தில் அதற்கான காரணம் அந்தப் புகழ்பெற்ற வழிமுறை இல்லை. ஸ்கேன் பக்கங்கள் பெரும்பாலும் புதிய கோப்புகள். ஒப்பிடப் பழைய பதிப்பே கிடையாது. ஒரு பக்கத்தை நேராக்கி வெட்டினால் அதன் பைட்டுகள் எல்லாமே மாறிவிடும். அங்கும் துண்டு ஒப்பீட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை. பதிவேற்ற வழி ஒடுங்கியிருந்தவரை ஒரு வீட்டுக் கணினி இன்னொரு கணினிக்கு நேரடியாகப் பெரிய கோப்புகளை அனுப்புவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் அந்த நேரடிப் பாதைக்கென்று செய்த கருவிகள் நம் மேசைகளிலிருந்து ஒதுங்கிக் கணினி நிர்வாகிகளின் கையில் மட்டும் இருந்தன. ஃபைபர் வந்து ஏறும் வழி அகன்றதும் அந்தப் பாதை திறந்தது. திறந்த பாதையில் எங்களுக்கு வேண்டிய ஒழுங்குகள் எல்லாம் ஆர்சிங்க்கில் ஏற்கெனவே இருந்தன: இல்லாததை மட்டும் அனுப்புதல், பாதியில் அறுந்தால் மறுமுறை விட்ட இடத்திலிருந்து தொடர்தல், கோப்பின் தேதியைக் காத்தல், வந்து சேர்ந்ததைச் சரிபார்த்தல், நாமாகக் கேட்டாலொழிய மறுமுனையில் எதையும் அழிக்காமை. அந்தத் தம்பி இன்று மடிக்கணினியில் எதை அழித்தாலும் சென்னையில் ஒரு பக்கமும் குறையாது.

இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகப் போவதால் நடுவில் எவரும் படிக்கமுடியாது. முடிந்ததும் கடைசி வரியில் 'ஸ்பீட்அப்' என்று ஓர் எண் வரும். மொத்தக் கோப்புகளின் அளவை, உண்மையில் கம்பியில் போய்வந்த அளவால் வகுத்து வருவது அது. 600 ஜிபி உள்ள கோப்புறையில் அன்றைய 15.6 ஜிபி மட்டும் போனால் அந்த எண் 38ஐ ஒட்டி இருக்கும். காலையில் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒருநாள் அது 2க்கு அருகில் இறங்கியிருந்தால், யாரோ கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், பாதி நூலகமும் மறுபடி போயிருக்கிறது என்று பொருள்.

தொல்லைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கோப்புறைப் பெயரின் இறுதியில் சாய்கோடு இட்டால் அதன் உள்ளடக்கம் மட்டும் போகும். இடாவிட்டால் கோப்புறையே போகும். இந்த ஒரு கோட்டில் தவறாதவர் குறைவு. அதனால் எந்தப் புதிய கட்டளையையும் 'ட்ரை ரன்' விருப்பத்தோடு முதலில் ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறேன் என்று அது பட்டியலிடும், எதையும் செய்யாது.

தமிழில் பெயரிடும் குழுக்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது பெயரின் நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் தருகிறது; தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் என்பதால் 85 குறிகளோடு நின்றுவிடுகிறது. 'கு' என்ற எழுத்தே இரண்டு குறிகள். புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. விண்டோஸில் 255 குறிகள் வரை இடமுண்டு. பழைய நூல்களின் தலைப்புகளோ நீளமானவை. விண்டோஸில் முழுத் தலைப்பையும் பெயராக வைத்த கோப்பு லினக்ஸ் சேவையகத்தில் இறங்க மறுக்கும். இரண்டாவது, கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள். 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. மாக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. அதனால் 'பொன்' என்று தொடங்கும் கோப்புறை ஒன்று எங்கள் சேவையகத்தில் ஒரே பெயரோடு இரட்டையாக நின்றது. ஆர்சிங்க்கின் 3.0 பதிப்பில் இதற்கு, பெயர்களின் குறிமுறையை மாற்றித்தரும் 'ஐகான்வ்' என்ற விருப்பம் வந்தது; ஆனால் மாக் கணினியோடு கூடவே வந்தது நீண்ட காலம் 2006ஆம் ஆண்டின் 2.6.9 பதிப்பாக இருந்ததால், புதியதைத் தனியாக நிறுவவேண்டியிருந்தது. இறுதியில் நாங்கள் கோப்புகளுக்கு எண்களை மட்டும் பெயராக வைத்து, தமிழ்த் தலைப்புகளை அட்டவணைக்கு மாற்றிவிட்டோம். தாய்மொழியில் பெயர் வைக்க முடியாமற்போனது எனக்கு வருத்தம்தான்.

முகவரியும் ஒரு தடை. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் இணைக்கமுடியாது. ஆயினும் இரு முனைகளில் ஒன்றை மட்டும் எட்ட முடிந்தால் போதும். சென்னை அலுவலகத்துக்குக் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி வாங்கினோம். ஸ்கேன் செய்யும் வீடுதான் ஒவ்வோர் இரவும் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி தரப் போதிய இடமுள்ள ஐபிவி6 முகவரி முறை இரு முனைகளிலும் இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம். இணையத்துக்குள்ளே வயர்கார்டு போன்ற மென்பொருளால் மறையாக்கப்பட்ட ஒரு தனிச் சுரங்கப்பாதை அமைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. நீண்ட காலமாக நம்பப்படுகிறது என்பதற்காக ஆர்சிங்க்கைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. 2025 ஜனவரியில் அதில் ஆறு பாதுகாப்புக் குறைகள் வெளியாகி, 3.4.0 பதிப்பில் சரிசெய்யப்பட்டன; மிகக் கடுமையானது, அதை எஸ்எஸ்ஹெச் இல்லாமல் திறந்த சேவையகமாக ஓட்டுபவர்களைத் தாக்கவல்லது.

கட்டளைத் திரையைக் கண்டால் தயங்கும் குழுக்களுக்கு சிங்க்திங் ஒரு நல்ல நடுவழி. 2013இல் தொடங்கிய திறமூலக் கருவி. நடுவில் எவருடைய சேமிப்பும் இல்லாமல் கணினிக்குக் கணினி அனுப்புகிறது. முகவரிச் சிக்கலைப் பெரும்பாலும் தானே தீர்த்துக்கொள்கிறது. ஆனால் அதன் இயல்பும் ஒத்திசைவுதான். ஸ்கேன் செய்யும் கணினியில் 'அனுப்ப மட்டும்' என்று அமைத்தாலும், அங்கே அழிப்பது மறுமுனையிலும் அழியும்; அதைத் தடுக்கப் பழைய பதிப்புகளைக் காக்கும் அமைப்பைச் சென்னையில் தவறாமல் போட்டுவைக்கவேண்டும். கைபேசி டேட்டாவை நம்பி எந்த வழியையும் தொடங்கவேண்டாம். நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற வரம்பில் எங்கள் கணக்குப்படி 76 பக்கங்கள்தான் போகும்.

எங்கள் முடிவு இது. மூலக் கோப்புகள் ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் வழியாகப் போகின்றன. முடித்த பிடிஎஃப்கள் கிளவுடில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் எழுதி, வேறோர் ஊரில் உள்ள நண்பர் வீட்டு அலமாரியில் வைக்கிறோம். இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு படி எங்கேனும் இருக்கவேண்டும். பதிவேற்ற வேகம் 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி, கட்டளைத் திரைக்கு அஞ்சாத ஒருவராவது குழுவில் இருந்தால், நீங்களும் ஆர்சிங்க்கைத் தேருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அப்படி ஒருவர் இல்லையென்றால் சிங்க்திங்.

தொடங்கும்போது மட்டும் ஒரு யோசனை. எங்களிடம் அதுவரை சேர்ந்திருந்த 600 ஜிபியை முதல் இரவிலேயே இணையத்தில் அனுப்ப முயலவில்லை. அதை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, சென்னைக்குப் போன ஒருவர் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார். அங்கே நகலெடுத்த பின், 'செக்சம்' விருப்பத்தோடு ஆர்சிங்க்கை ஓட்டினேன். இரு கணினிகளும் தத்தம் கோப்புகளை முழுதாகப் படித்தன. ஊர்களுக்கிடையே போனவை சரிபார்ப்பு எண்கள் மட்டுமே. ஏறத்தாழ 23,000 பக்கங்களில் இரண்டு பக்கங்கள் வழியில் சிதைந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுமார் 5,100 பைட் அளவுள்ள துண்டுகளாக ஒப்பிட்டு, கெட்டுப்போன துண்டுகளை மட்டும் அந்த மாடி அறையிலிருந்து வாங்கிச் சரிசெய்துகொண்டது. 1996இல் அந்த இருவரும் எழுதிய வழிமுறை எங்கள் வேலையில் முழுமையாகப் பயன்பட்டது அந்த இரவில்தான்.